தாராவியில் எடுத்த காஷ்மீர்ப் படங்கள்

1

நான் காஷ்மீருக்குப் போனதே கிடையாது. ஊர்க்காரர்கள் மன்னிக்கணும். உங்களில் பல பேர் வீட்டுச் சுவரில் பனிமலைக்கு முன்னால் கோட்டு போட்டு நிற்கிற ஆள் நான்தான், ஆனால் அந்த மலை துணியில் வரைந்த மலை. துணிக்குப் பின்னால் ஸ்டுடியோக்காரர் சம்சாரம் ஸ்டவ் பற்றவைத்து டீ போட்டுக்கொண்டிருந்தாள். கூர்ந்து பார்க்கிறவர்கள் மலை உச்சியில் லேசாகப் புகை தெரிவதைக் கண்டிருக்கலாம். அது மேகம் இல்லை, ஐயா.

இத்தனை வருஷம் மூடி வைத்ததை இப்போது ஏன் உடைக்கிறேன் என்றால், அந்தத் துணி மலை என் வீட்டை முழுங்கப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

என் பெயர் சுடலைமுத்து. தாராவிக்கு வந்து முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. ஸ்கூல் பை தைக்கிற சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். என் சம்சாரம் பேச்சி முறுக்கு சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறாள். பம்பாய்க்கு வந்தவனை நம்ம ஊரில் 'வடக்க போயிருக்கான்' என்பீர்கள். வடக்கில் எங்கே என்று எவரும் கேட்பதில்லை. திருநெல்வேலியிலிருந்து பார்த்தால் மதுரையே வடக்குதானே! ஆகவே வடக்கு என்றால் பனி, பனி என்றால் எல்லை என்று நீங்களாகவே முடிவு கட்டிக்கொண்டீர்கள். ஒரு கோயில் கொடைக்கு நான் வந்திருந்தபோது மைக்கில், "வடக்கு எல்லையிலிருந்து வருகை தந்திருக்கும் நமது சுடலைமுத்து அவர்கள்" என்று அறிவித்தார்கள். நான் மறுத்தேனா? மறுக்கவில்லை. விபூதியை வாங்கிப் பூசிக்கொண்டு, எல்லையைக் காத்துவிட்டு வந்தவன் மாதிரி முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

2

போன மாதம் எங்கள் சந்துக்குள் சர்வே வந்தது. எல்லாவற்றையும் இடித்துவிட்டு மாடிக் கட்டடம் கட்டப்போகிறார்களாம். ஒரு கெடு வருஷம் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னாலிருந்து இங்கே குடியிருக்கிறவன் என்று ஆதாரம் காட்டினால் இதே தாராவியில் வீடு. காட்டாதவனுக்கு ஊருக்கு வெளியே எங்கேயோ. அந்த 'எங்கேயோ' எங்கே என்று கேட்டால் சர்வேக்காரர்களே மேலே பார்க்கிறார்கள். என் பட்டறை இங்கே, பேச்சியின் கடைகள் இங்கே. எங்கேயோ போய் யாருக்குப் பை தைப்பேன்?

எங்கள் வீட்டுக்கு வந்தது சின்ன வயசு மேடம். கையில் டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை. வந்ததும், "அண்ணா, காகஸ் திகாவோ" என்றாள், காகிதத்தைக் காட்டு என்று. பம்பாயில் தமிழனாய்ப் பிறந்தவன் எவனுக்கும் தம்பியாக முடியாது. போலீஸ்காரனுக்கும் அண்ணாதான், பால்காரனுக்கும் அண்ணாதான்.

காகிதம் எங்கே இருக்கிறது? கரண்டு மீட்டர் எனக்கு முந்தி இந்த ரூமில் இருந்த ஆள் பேரில் ஓடுகிறது; அவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம். பழைய ரேஷன் கார்டு பெருமழை வெள்ளத்தில் போய்விட்டது. தண்ணி வடிந்த பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தால், கார்டு இருந்த இடத்தில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. கெடு வருஷத்து வோட்டர் லிஸ்டைத் தேடிப் பிடித்தேன். என் முகவரியில் சுடலாபாய் என்றொரு அம்மாள், வயது எண்பத்திரண்டு என்று போட்டிருக்கிறது. அந்தம்மாள் வந்து கேட்டால் வீடு கட்டாயம் கிடைக்கும்.

மேடம் நல்ல பிள்ளை. அலுத்துக்கொள்ளாமல் வேறு வழி சொன்னாள். "புராணா ஃபோட்டோ ஹை க்யா? வீட்டு வாசலில் நின்று எடுத்த பழைய போட்டோ. கதவு நம்பர் தெரியணும், தேதி இருக்கணும். அது இருந்தால் மிச்சத்தை நான் எழுதிக்கொள்கிறேன். பத்து நாள் டைம்."

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. போட்டோவா! நம்மகிட்ட இல்லாத போட்டோவா! பெரிய ஆல்பத்தை எடுத்துத் தூசி தட்டி, கல்யாண வீட்டில் பந்தி விரிக்கிற மாதிரி அவள் முன்னால் விரித்தேன்.

3

முதல் படம். நான், காஷ்மீர். கோட்டு ஸ்டுடியோவுடையது. எங்கள் பேட்டையில் எல்லோருக்கும் அந்த ஒரே கோட்டுதான். ஒல்லியானவனுக்கு முதுகில் கிளிப் மாட்டுவார்கள், தடியனுக்கு முதுகைக் கிழித்தே விட்டிருந்தார்கள், முன்னால் மட்டும் பார்த்தால் ஜமீன்தார். எடுத்தது சித்திரை மாதம். முகத்தில் மின்னுவது பனித்துளி என்று அப்போது எழுதியிருந்தேன்.

இரண்டாம் படம். நான், டெலிபோன். ரிசீவரைக் காதில் வைத்துச் சிரிக்கிறேன். அதற்கு வயர் கிடையாது.

மூன்றாம் படம். நானும் பேச்சியும் கல்யாணமான புதிதில், ஏரி, படகு. படகு அட்டையில் செய்தது. பேச்சி சாய்ந்து உட்கார்ந்ததில் மடங்கிவிட்டது. ஸ்டுடியோக்காரர் திட்டியதில் அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. 'வெட்கப்படுகிறாள்' என்று நான் கடிதம் எழுதினேன்.

நான்காவது படம்தான் பெரிய பாவம். அது நிஜமான இடம், மாட்டுங்கா. நம்ம பக்கத்திலிருந்து அந்தக் காலத்திலேயே ஆபீஸ் வேலைக்கு வந்த குடும்பங்கள் இருக்கிற ஏரியா, மரமும் பால்கனியும் பூக்கடையுமாக இருக்கும். அங்கே ஒரு கட்டடத்து வாசலில் நின்று எடுத்தேன். மாடியில் ஒரு மாமி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். "யாரது, அங்கே என்ன பண்றேள்?" என்று அவர் கேட்பதற்கும் வாட்ச்மேன் கம்போடு ஓடி வருவதற்கும் நடுவில் கிளிக் ஆகிவிட்டது. 'இதுதான் நாங்கள் இருக்கும் வீடு, மேலே நிற்பது மாடி வீட்டு மாமி, தங்கமானவர்கள்' என்று அக்காவுக்கு எழுதினேன்.

வினை அங்கேதான் பிடித்தது. அக்கா ஒவ்வொரு கடிதத்திலும் மாமியை விசாரித்தாள். மாமிக்கு முதலில் சளி பிடிக்க வைத்தேன். பிறகு சர்க்கரை வந்தது. காசிக்கு அனுப்பினேன், காசியிலிருந்து நல்லபடியாகத் திரும்பியும் வந்தார். பத்து வருஷம் அந்த மாமியைக் கட்டி மேய்த்தேன், எனக்கு முடியவில்லை. கடைசியில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு மார்கழியில் அவரைச் சாகடித்தேன். அக்கா போன் போட்டுத் துக்கம் விசாரித்தாள். "பாவம்ல, நல்ல சாவுதானா? பதினாறு என்னைக்கு?" என்று கேட்டாள். நான் தேதி சொன்னேன்.

மேடம் ஆல்பத்தை முழுதும் புரட்டினாள். தாஜ்மகால் வந்தது. விமானப் படிக்கட்டு வந்தது. மறுபடியும் காஷ்மீர், இந்தத் தடவை என் பையன் கணேஷ் தொட்டிலில், பனியில்.

"அண்ணா," என்றாள், "இந்த ஆதாரப்படி நீங்க கெடு வருஷத்துல காஷ்மீர்ல இருந்திருக்கீங்க."

அவள் கேலி பண்ணவில்லை. டேப்லெட்டில் குறிப்பு எழுதுகிற இடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிஜமாகவே என்ன எழுதுவது என்று யோசித்தாள்.

4

சரி, சந்துக்குள் வேறு எவர் வீட்டிலாவது நம் வாசல் தெரிகிற மாதிரி ஒரு படம் இல்லாமலா போகும் என்று வீடு வீடாக ஏறி இறங்கினேன். அடேயப்பா! எங்கள் சந்து மொத்தமும் ஊட்டியிலும் ஆக்ராவிலும்தான் வாழ்ந்திருக்கிறது. எதிர்வீட்டுக் குடும்பம் இருபது வருஷமாக விமானத்தில் ஏறிக்கொண்டே இருக்கிறது, இன்னும் உள்ளே போய்ச் சேரவில்லை. நாளைக்கு எவனாவது வரலாற்றுப் படம் தேடி வந்தால், தாராவியில் தமிழன் குடியிருந்ததற்கு ஆதாரமே இல்லை என்று புத்தகம் போட்டுவிடுவான்.

எங்களைப் படம் எடுக்க ஆளில்லாமல் இல்லை. தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள் கைடு வைத்துக்கொண்டு வாரா வாரம் வருகிறார்கள். சாக்கடையைக் குனிந்து எடுக்கிறார்கள், கக்கூஸ் வரிசையைத் தள்ளி நின்று எடுக்கிறார்கள், பேச்சி முறுக்கு பிழிகிற கையை மட்டும் எடுக்கிறார்கள். என் வீட்டுக் கதவும் நம்பரும் ஜெர்மனியில் யார் வீட்டு ஹாலிலோ சட்டம் போட்டுத் தொங்குகிறது, சத்தியமாகச் சொல்கிறேன். எனக்கு வேண்டுமென்றால் கிடையாது.

கணேஷுக்குப் போன் போட்டேன். அவன் இப்போது சான்பாடாவில் சிநேகிதர்களோடு ரூம் எடுத்து இருக்கிறான், கம்பெனி வேலை. தமிழ் பேசுவான், படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவதற்குள் நமக்குத் தூக்கம் வந்துவிடும். "பழைய போட்டோ ஏதும் உன் போனில் ஏற்றி வச்சிருக்கியாடே?" என்று கேட்டேன்.

"அப்பா, வீட்டு முன்னாடி யாரு போட்டோ எடுப்பா? க்யா யார்!" என்றான், என்னப்பா நீ என்கிற மாதிரி.

அவன் போடுகிற படங்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் கண்ணாடி வைத்த உயரக் கட்டடத்து வாசல். ஆபீசில் வீடு எங்கே என்று கேட்டால் 'சயான் பக்கம்' என்பானாம். சயான் எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிறந்த வீட்டைச் சொல்ல வெட்கமாடே, சோறு போட்ட இடத்தை மறைக்கிறவன் உருப்படுவானா என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பேச்சி மாவு பிசைந்தபடி ஒரு பார்வை பார்த்தாள்.

"விதை ஒண்ணு போட்டா சுரை ஒண்ணா முளைக்கும்?" என்றாள்.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டேன்.

5

பத்தில் எட்டு நாள் போய்விட்டது. ராத்திரியும் பகலும் ஒரே யோசனை, கையில் ஊசி ஏறியதுகூடத் தெரியவில்லை. இடித்துவிட்டால் எங்கே போவது? இந்த வயசில் இன்னொரு தடவை புது இடத்தில் குழாயடி எங்கே, மார்க்கெட் எங்கே என்று விசாரித்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது. பயந்துதான் போயிருந்தேன், ஒளிப்பானேன்.

ஒன்பதாம் நாள் காலையில் டிரங்குப் பெட்டியை நாலாவது தடவை கவிழ்த்துக்கொண்டிருந்தேன். பேச்சி வந்து பக்கத்தில் நின்றாள்.

"என்னத்தத் தேடுதிய? அங்கன இல்ல. ஊருக்கு ஒரு போனப் போடுங்க, மயினிக்கு."

மயினி என்றால் என் அக்கா, மாரி. "அவகிட்ட என்ன இருக்கும்? எல்லாம் இதே காஷ்மீர்தான்" என்றேன்.

"போடுங்கங்கேன்!"

இங்கே ஒரு பழைய சண்டையைச் சொல்லணும். கெடு வருஷத்துக்கு ரெண்டு வருஷம் முந்தின பொங்கல். எங்கள் ஆட்கள் தாராவியில் பொங்கலுக்குச் சந்திலேயே கல்லைக் கூட்டிப் பானை வைப்பார்கள், வீட்டுக்கு ஒரு பானை, வாசலுக்கு வாசல் புகை. அன்றைக்கு ஸ்டுடியோக்காரர் வியாபாரத்துக்குக் காமிராவைத் தூக்கிக்கொண்டு சந்துக்கே வந்துவிட்டார். பேச்சி எங்கள் தகரக் கதவுக்கு முன்னால் பானையோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டாள். பின்னால் நான். கிழிந்த பனியன், தூக்கிக் கட்டிய லுங்கி, ரெண்டு கையிலும் தண்ணி கேன், வாயில் பிரஷ். படம் வந்ததும் நான் குதித்த குதி இருக்கிறதே! "ஏட்டி, அறிவிருக்கா? இந்தத் தகரத்தையும் என்னையும் இந்தக் கோலத்துல எவனாவது பாத்தா என்னத்துக்கு ஆகும்? கிழிச்சு எறி!" என்றேன். கிழித்துவிட்டேன் என்றுதான் அவளும் சொன்னாள்.

அக்காவுக்குப் போட்டேன்.

"எக்கா, நல்லாருக்கியா?"

"இருக்கேம்ல. முட்டுவலிதான்."

இந்த முட்டுவலியையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்துக்கே அது உண்டு. ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் நான் ஜம்பமாக, "எல்லாரும் பம்பாய்க்கு வாங்க, வீடு கடல் மாதிரி கெடக்கு" என்று கூப்பிடுவேன். உடனே அம்மைக்கு முட்டுவலி, அக்காவுக்கு முட்டுவலி, அத்தானுக்கு, சித்தப்பாவுக்கு, எல்லோருக்கும் முட்டுவலி. ரயிலுக்குப் பயந்த பட்டிக்காட்டுக் கூட்டம் என்று உள்ளுக்குள் எனக்கு இளப்பம், வராமல் இருந்தார்களே என்று ஒரு நிம்மதியும். பாவம் பார்த்து வருஷா வருஷம் பெரிய பாட்டில் தைலம் வாங்கி வந்து கொடுப்பேன்.

"எக்கா, முந்தி பம்பாயிலருந்து அனுப்புன போட்டோ எதும் வச்சிருக்கியா?"

"எது வேணும்? காஷ்மீர் வேணுமா, ஒன் வீடு வேணுமா?"

நான் கவிழ்த்த பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னல சத்தத்தக் காணோம்? பொங்கப் பானை, தகரக் கதவு, கிழிஞ்ச பனியன், ரெண்டு கையிலயும் தண்ணி. அதான வேணும்?"

"ஒனக்கு... யாரு..."

"பேச்சி அந்தப் பொங்கலுக்கே அனுப்பிட்டா. பொறத்தால எழுதியிருக்கா, வாசிக்கட்டா? 'மயினி, இவுக எழுதுறத நம்பி யாரும் கெளம்பி வந்திராதிய. காலு நீட்ட எடமில்ல. வந்தா இவுக மொகத்த எங்க கொண்டு வைப்பாக. மத்தபடி என்னைய நல்லாப் பாத்துக்கிடுதாக.' கேட்டியா?"

நான் பேச்சியைப் பார்த்தேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மை பாத்தாளா, எக்கா?"

"பாக்காம? கையில வச்சிக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தா. 'எம் புள்ள தண்ணி சொமக்கான்'னா. அவ்வளவுதான். மறுநா எல்லாரையும் கூப்பிட்டு வச்சுச் சொன்னா, அவன் கூப்பிட்டா ஒருத்தரும் போவப்பிடாது, முட்டுவலின்னு சொல்லிரணும், காஷ்மீரு சொவத்துலயே கெடக்கட்டும்னா."

"அப்ப அம்மைக்கு முட்டுவலி?"

"அவ சாவுற அன்னைக்கு வரை வயக்காட்டுக்கு நடந்துதாம்ல போனா."

"ஒனக்கு?"

"எனக்கு மட்டும் என்ன கேடு?"

"நான் வாங்கியாந்த தைலமெல்லாம்?"

"மாட்டுக்குத் தேச்சோம். நல்ல தைலம்ல, குத்தஞ் சொல்லப்பிடாது." பிறகு அவளால் அடக்க முடியவில்லை. "ஏல, அந்த மாமிய நீ கொன்னியே, அன்னைக்கு நான் பதினாறு என்னைக்குன்னு கேட்டுட்டு, போன வச்சிட்டு, நானும் அத்தானும் விழுந்து விழுந்து சிரிச்சோம். அம்மைதான் வஞ்சா. 'அவன் அங்க என்ன பாடு படுதானோ, சிரிக்கிய'ன்னு."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். ஊரை ஏமாற்றிவிட்டேன் என்று முப்பது வருஷம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறேன். என் குடும்பமே ஒன்றுகூடி என் மானத்துக்குக் காவல் நின்றிருக்கிறது, கோமாளி நான்தான், எனக்கு மட்டும்தான் தெரியாது.

6

பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அன்றைக்கே ரயிலேற இருந்தார், அவர் கையில் அக்கா படத்தைக் கொடுத்துவிட்டாள். அது வந்து சேர ரெண்டு நாள் கூடியது. அந்த ரெண்டு நாளை மேடத்திடம் கெஞ்சி வாங்கினேன்.

அவள் படத்தையும் கதவையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். தகரம் போய் இப்போது இரும்புக் கதவு. ஆனால் பக்கத்துச் செங்கல் தூணில் எழுதிய நம்பர் அதேதான், படத்திலும் பளிச்சென்று தெரிகிறது. பின்பக்கம் ஸ்டுடியோ முத்திரை, தேதியோடு. அதற்குக் கீழே பேச்சியின் எழுத்து. "இது என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

"பொங்கல் வாழ்த்து" என்றாள் பேச்சி, முந்திக்கொண்டு.

"பனியன்ல நிக்கிறது நீங்களா?" மேடம் சிரித்தாள். "காஷ்மீரை விட இது நல்லாருக்கு, அண்ணா. டீக் ஹை, இது போதும்."

டேப்லெட்டில் ஏற்றிக்கொண்டாள். பட்டியல் வரட்டும், அப்புறம் நம்புகிறேன். ஆனால் குறிப்பு எழுதுகிற இடத்தில் காஷ்மீர் இல்லை என்பதை எட்டிப் பார்த்து உறுதி பண்ணிக்கொண்டேன்.

"இப்ப ரெண்டு பேரும் வாசல்ல நில்லுங்க, ஒரு படம் வேணும்" என்றாள். நான் நல்ல சட்டை எடுக்க உள்ளே ஓடினேன். பேச்சி கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். மாவுக் கையோடு அவள், அழுக்குப் பனியனோடு நான், தலைக்கு மேல் ஈரத் துணி, பக்கத்தில் நீல டிரம். கிளிக்.

அதே படத்தை மேடத்தைக் கேட்டு என் போனில் வாங்கி முதலில் கணேஷுக்கு அனுப்பினேன். 'நம்ம வீடு' என்று மட்டும் போட்டேன். ரெண்டு நீல டிக் விழுந்தது, பார்த்துவிட்டான், பதில் போடவில்லை. அவன் குறை இல்லை, எனக்கே முப்பத்தைந்து வருஷம் பிடித்தது.

அடுத்து அக்காவுக்கு அனுப்பிவிட்டு உடனே போனைப் போட்டேன்.

"பாத்தியா, எக்கா? இதுதான் வீடு. ஒத்தை ரூம். படுக்கணும்னா ஆளு ஒருக்களிச்சுத்தான் படுக்கணும். கக்கூசுக்கு வரிசையில நிக்கணும். இடிக்கதுக்கு முன்னால ஒரு தடவ வா."



"ஏல, நெசமாத்தான் கூப்பிடுதியா?"

"நெசமாத்தாங்கா."

"அப்ப எனக்கு முட்டுவலி இல்ல. டிக்கெட்டப் போடு."